ஃபேமிலியோட மாரத்தான் ஓடப் போறீங்களா? பிப் வாங்கும் முன் வீட்டில் பேசி முடிக்க வேண்டிய விஷயங்கள்

ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு லிங்க் வந்து விழுகிறது. "10 கே ரன். எல்லாரும் வர்றோமா?" கேட்டிருப்பது பெங்களூரில் வேலை பார்க்கும் மகன். முதல் தம்ஸ்-அப் சித்தப்பாவுடையது. "நான் வர்றேன், ஆனா நடந்துதான் வருவேன்" என்கிறார் அம்மா. அப்பா குரூப்பில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அன்று மாலையே ஷூ கடையில் நிற்கிறார். இரண்டே நாளில் தங்கை, சித்தப்பா உட்பட ஐந்து பேர் பெயரும் ரிஜிஸ்டர் ஆகிவிடுகிறது.

பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும்: 'அவசரத் தொடர்பு எண்'. மகன் அப்பாவின் நம்பரைப் போடுகிறார். அப்பா அம்மாவின் நம்பரை, அம்மா மகனின் நம்பரை, தங்கையும் சித்தப்பாவும் ஒருவர் நம்பரை இன்னொருவர். ரேஸ் அன்று அதிகாலையில் ஐந்து பேரின் போனும் ஒரே பையில், பேகேஜ் கவுண்டரில், சைலன்ட் மோடில் கிடக்கும்.

ஆறாவது கிலோமீட்டரில் ஒருவருக்குத் தலைசுற்றி விழ நேர்ந்தால், மருத்துவக் குழு முதலில் செய்வது பிப்பைத் திருப்பிப் பார்ப்பது. நெஞ்சில் குத்தியிருக்கும் அந்த நம்பர் தாளின் பின்பக்கத்தில்தான் பெயர், ரத்த வகை, அவசர எண் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். அந்த எண்ணுக்கு அடித்தால் பேகேஜ் கவுண்டரில் ஒரு பை லேசாக வெளிச்சம் காட்டும். அவ்வளவுதான்.

குடும்பமாக, நண்பர்களாகச் சேர்ந்து ஓடுவது இப்போது சென்னை, கோவை போன்ற ஊர்களில் சாதாரண வீக்எண்ட் பிளான் ஆகிவிட்டது. தனியாக ஓடுகிறவருக்குத் தன்னைப் பற்றி மட்டும் யோசித்தால் போதும். கும்பலாகப் போகும்போது கணக்கு மாறுகிறது. யார் யாருக்காக நிற்பது, யார் எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் ஸ்டார்ட் லைனில் நின்றுகொண்டு முடிவு செய்ய முடியாது.

எல்லா ஓட்டமும் மாரத்தான் இல்லை

முதலில் ஒரு சின்ன குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். '5 கி.மீ. மாரத்தான்' என்று போஸ்டரில் போடுவது நம்ம ஊர் வழக்கம். கறாராகச் சொன்னால் அப்படி ஒன்று கிடையாது. மாரத்தான் என்றால் 42.195 கி.மீ. மட்டுமே. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி மைதானத்தில் முடியும்படி பாதை போட்டபோது வந்த தூரம் அது. 1921-ல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். அதில் பாதி, ஹாஃப் மாரத்தான். 5 கே, 10 கே எல்லாம் 'ரன்', அவ்வளவே.

இதை ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், பெயரில் ஏமாந்து "ஹாஃப்தானே, பாதிதானே" என்று 21 கிலோமீட்டருக்குப் பதிவு செய்பவர்கள் இருக்கிறார்கள். பயிற்சி இல்லாத உடம்புக்கு 21 என்பது மூன்று மணி நேர வேலை. குடும்பமாக முதல் முறை போகிறவர்களுக்கு 5 கே தாராளமாகப் போதும். நடந்தே போனாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டி முடித்துவிடலாம். கட்-ஆஃப் பயம் இல்லை. கட்-ஆஃப் என்பது பாதையைப் போக்குவரத்துக்குத் திறந்துவிடும் நேரம். அதற்குப் பிறகு ஓடுகிறவர்களை ஸ்வீப்பர் வண்டி ஏற்றிக்கொண்டு வரும். ஃபுல், ஹாஃப் பிரிவுகளில் இது நிஜமாகவே நடக்கும்.

யாருடைய வேகத்தில் ஓடுவது?

சேர்ந்து பதிவு செய்தவர்கள் எல்லாரும் சேர்ந்தே ஓடுவார்கள் என்பது பெரும்பாலும் முதல் 500 மீட்டர் வரைதான் உண்மை. பாட்டு போடுவார்கள், கூட்டம் ஆரவாரம் செய்யும், இருட்டில் எல்லாரும் வேகமாகக் கிளம்புவார்கள். மகன் பறந்துவிடுவார். அப்பா, மகனுக்குச் சமமாக வர முயற்சி செய்வார். தங்கை இருவரையும் தேடிக்கொண்டிருப்பார். மூன்றாவது கிலோமீட்டரில் அப்பாவுக்கு மூச்சு வாங்கும்போது பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது.

இதற்கு இரண்டே வழிதான். ஒன்று, "அவரவர் வேகத்தில் ஓடலாம், ஃபினிஷுக்குப் பிறகு இந்த இடத்தில் சந்திக்கலாம்" என்று முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது. இல்லையென்றால், கூட்டத்தில் யார் மெதுவோ அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம் என்று ஒப்புக்கொள்வது. இரண்டும் சரிதான். பிரச்சினை வருவது மனசுக்குள் ஒருவர் ஒன்றையும் இன்னொருவர் வேறொன்றையும் நினைத்துக்கொண்டு கிளம்பும்போதுதான். "நீ நிப்பேன்னு நெனச்சேன்" என்ற வாக்கியத்தில் தொடங்கும் சண்டைகள் வீடு வரை வரும்.

வேகத்தைச் சோதிக்க வாட்ச் வேண்டாம். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். "தண்ணி... வேணும்..." என்று துண்டு துண்டாகத்தான் வருகிறது என்றால் வேகம் அதிகம். சேர்ந்து ஓடுவதில் உள்ள ஒரு பெரிய வசதியே இதுதான். அரட்டையே மீட்டர்.

ஓட்டத்துக்கு நடுவே நடப்பது கேவலம் என்று நினைப்பவர்கள் ஜெஃப் காலோவே பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர். சில நிமிடம் ஓட்டம், சில நொடி நடை என்று மாற்றி மாற்றிப் போகும் முறையை உலகம் முழுக்கப் பரப்பியவர். ஒலிம்பிக் ஓட்டக்காரரே "நடங்க" என்று சொல்லும்போது நமக்கென்ன கூச்சம்?

மெதுவாக வருபவருக்காக ஓடுவது என்றால் என்ன என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவின் டிக் ஹாய்ட். அவர் மகன் ரிக்குக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். பேச்சு வராது, நடக்க முடியாது, கணினி வழியாகத்தான் பேசுவார். விபத்தில் முடங்கிப்போன ஒரு விளையாட்டு வீரருக்கு நிதி திரட்ட 1977-ல் ஐந்து மைல் ஓட்டம் நடந்தது. அதில் கலந்துகொள்ள வேண்டும் என்று ரிக் கேட்டார். டிக்குக்கு அப்போது 36 வயது, ஓடிப் பழக்கமும் இல்லை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே ஓடினார். கடைசிக்கு முந்தைய இடம். ஓடும்போது தனக்கு ஊனம் இருப்பதாகவே தோன்றவில்லை என்று அன்றைக்கு ரிக் கணினியில் சொன்னார். அதன்பிறகு அப்பாவும் மகனும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போட்டிகள். பாஸ்டன் மாரத்தான் மட்டும் 32 முறை. டிக் 2021-லும் ரிக் 2023-லும் மறைந்துவிட்டார்கள்.

தண்ணீரும் வியர்வையும்

இன்னொரு குடும்பக் கதை. 2016 செப்டம்பர், மெக்சிகோவின் கொசுமெல் தீவு. டிரையத்லான் உலகத் தொடரின் கடைசிப் போட்டி. பிரிட்டனின் ஜானி பிரவுன்லி முன்னிலையில் ஓடிக்கொண்டிருந்தார். சில நூறு மீட்டர் போனால் வெற்றி. திடீரென்று கால் பின்னத் தொடங்கியது. சாலையில் இடமும் வலமுமாகத் தள்ளாடினார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர், அதற்கு முந்தைய மாதம்தான் ரியோவில் தங்கம் வென்றவர், தனக்கிருந்த வெற்றி வாய்ப்பை விட்டுவிட்டு தம்பியின் கையைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு ஓடினார். எல்லையில் தம்பியை முன்னால் தள்ளிவிட்டார். தம்பி இரண்டாமிடம், அண்ணன் மூன்றாமிடம். வென்றவர் தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ஸ்கூமேன்.

அந்த வீடியோவைப் பாசக்கதையாகத்தான் பலரும் ஷேர் செய்தார்கள். அலிஸ்டர் சொன்னது வேறு: கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓடியிருந்தால் அவனே ஜெயித்திருப்பான் என்று தம்பியைச் செல்லமாகத் திட்டித் தீர்த்தார். அண்ணன்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

உலகின் ஆகச்சிறந்த உடல்தகுதி உள்ள ஒருவரையே ஈரப்பதமான வெயில் அப்படிச் சாய்த்தது. சென்னைக்காரர்களுக்கு இது அந்நிய விஷயம் இல்லை. உடம்பு சூடு தணிவது வியர்வை வழிவதால் அல்ல, அது ஆவியாவதால். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டிக்கொண்டே இருக்கும், சூடு இறங்காது. தமிழகத்தின் கடலோர நகரங்களில் ஓட்டங்கள் விடியும் முன்பே தொடங்குவதும், பெரிய போட்டிகள் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியை ஒட்டியே வைக்கப்படுவதும் இதனால்தான். மே மாதக் காலை ஏழு மணிக்கு 'ஃபன் ரன்' என்று அழைப்பு வந்தால், ஃபன் யாருக்கு என்று ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

ஹீட் ஸ்ட்ரோக்கைக் கண்டுபிடிக்க தெர்மாமீட்டர் தேவையில்லை. கூட ஓடுகிறவரின் பேச்சைக் கவனித்தாலே தெரியும். கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில், எரிச்சல், தள்ளாட்டம், "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று குழறலாகச் சொல்வது. உள்ளே வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மூளைதான் முதலில் தடுமாறும். அப்போது அவரை நம்பக்கூடாது, நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய், ஐஸ் தண்ணீர் கிடைத்தால் உடம்பு முழுக்க நனையும்படி, கிடைக்காவிட்டால் இருக்கும் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவக் குழுவைக் கூப்பிட வேண்டும். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் அவசரத்தில் குளிர்விப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. முதலில் குளிர்வி, பிறகு கொண்டுபோ என்பதுதான் விளையாட்டு மருத்துவத்தின் விதி.

உடனே "அப்போ தண்ணி நிறைய குடிக்கணும்" என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் தண்ணீர் பாட்டில் வடிவத்தில்தான் வரும். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. மூன்று பேருக்கு ஆபத்தான அளவு. ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள், அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும்தான் அதில் அதிகம் சிக்கினார்கள். மெதுவாகப் போகிறவர்கள் ஒவ்வொரு ஸ்டாலிலும் நின்று குடிக்க நேரம் இருப்பவர்கள் அல்லவா? தாகம் எடுத்தால் குடிப்பது, நீண்ட தூரத்துக்கு உப்புக் கலந்த பானம் சேர்த்துக்கொள்வது, இதுவே போதும். 5 கே ஓட்டத்துக்கு இரண்டு, மூன்று மிடறு தாராளம்.

வலி வராமல் இருக்க ஓட்டத்துக்கு முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. வியர்த்து நீர் குறைந்த உடம்பில் அது சிறுநீரகத்துக்குச் சுமை. வேண்டாம்.

அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

"அப்பா, ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்ப்பா."

"எனக்கு என்னடா? தினமும் அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறவன்டா நான்."

இந்த உரையாடல் நடக்காத வீடு குறைவு. அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஓட்டத்தில் இதயம் நின்றுபோவது அபூர்வம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை ஹாஃப், ஃபுல் மாரத்தான் ஓடிய 1.09 கோடி பேரின் கணக்கை எடுத்து ஆராய்ந்து, 2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்டார்கள். இதயம் நின்றது 59 பேருக்கு. ஏறக்குறைய 1.84 லட்சம் பேருக்கு ஒருவர். அதற்காக ஓடாமல் இருப்பது, சாலை விபத்துக்குப் பயந்து வீட்டிலேயே இருப்பது மாதிரி.

ஆனால், அதே ஆய்வின் மற்ற வரிகளையும் படிக்க வேண்டும். அந்த 59 பேரில் 51 பேர் ஆண்கள். சராசரி வயது 42. அதாவது தாத்தாக்கள் இல்லை, டீம் லீடர்கள். 42 பேர் இறந்துவிட்டார்கள். பிழைத்தவர்களுக்கும் பிழைக்காதவர்களுக்கும் இருந்த முக்கியமான வித்தியாசங்களில் ஒன்று, பக்கத்தில் இருந்தவர்கள் உடனே சி.பி.ஆர். கொடுத்தார்களா என்பது.

எனவே அப்பாவை மட்டும் குறி வைத்துப் பேசுவதை விட்டுவிட்டு, 35 தாண்டிய எல்லாருமே பதிவுக்கு முன் ஒருமுறை டாக்டரைப் பார்ப்பதுதான் மரியாதையான வழி. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு, மாடி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், இதில் ஒன்று இருந்தாலும் கட்டாயம். தினமும் நடப்பது நல்ல அடித்தளம். ஆனாலும் நடைக்கும் கூட்டத்தின் ஆரவாரத்தில் ஓடுவதற்கும் இதயத்தின் வேலை ஒன்றல்ல. காய்ச்சலில் இருந்து அப்போதுதான் எழுந்தவர், வயது எதுவானாலும், அந்த ரேஸை விட்டுவிட வேண்டும். கட்டிய பணம் திரும்பி வராதுதான். போகட்டும்.

குடும்பத்தில் யாராவது இரண்டு பேராவது சி.பி.ஆர். கற்றுக்கொண்டு போவது ஃபினிஷர் மெடலைவிடப் பெரிய விஷயம். விழுந்தவர் கூப்பிட்டால் அசையவில்லை, இயல்பாக மூச்சும் இல்லை என்றால், மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒருவர் அழுத்தும்போது இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும், ஏ.ஈ.டி. கருவி இருக்கிறதா என்று மருத்துவக் கூடாரத்தில் கேட்க வேண்டும். ஓட்டத்தின் நடுவே நெஞ்சு வலி, தாடை அல்லது இடது கை வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், கண் இருட்டல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். ரிசல்ட்டில் 'டி.என்.எஃப்.' என்று வரும். ஓட்டத்தை முடிக்கவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்து யாரும் சிரிக்கப் போவதில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்று: "அண்ணன் வரல, அவன் பிப்பைத் தம்பி போட்டுக்கட்டும்" என்ற ஏற்பாடு. வீணாகக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். தம்பி விழுந்தால் பின்பக்கத்தில் இருப்பது அண்ணனின் ரத்த வகையும் அண்ணனின் மருந்து விவரமும். பெரும்பாலான போட்டிகளில் இது விதிமீறல் என்பது அப்புறம்.

குட்டீஸ் எவ்வளவு தூரம்?

ஃபுல் மாரத்தானுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. சிறு குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் தனி ஓட்டங்கள் இருக்கும். 2006-ல் ஒடிசாவில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பூரியிலிருந்து புவனேஸ்வர் வரை 65 கி.மீ. ஓடினான். நாடே கைதட்டியது. பிறகுதான் கேள்விகள் வந்தன. மருத்துவர்கள் எச்சரித்தார்கள், அரசு தலையிட்டு அவனுடைய நெடுந்தூர ஓட்டங்களை நிறுத்தியது. அந்தக் கதை 2016-ல் சினிமாவாகவும் வந்தது.

65 கி.மீ. எல்லாம் நம் வீட்டில் யாரும் ஓட விடப் போவதில்லை. ஆனாலும் அழுதுகொண்டு நிற்கும் ஆறு வயதுக் குழந்தையை "இன்னும் கொஞ்சம்தான் கண்ணா, மெடல் வாங்கலாம்" என்று இழுத்துப் போகும் காட்சியை ஏதாவது ஒரு ஃபேமிலி ரன்னில் பார்க்கலாம். குழந்தை உட்கார்ந்துவிட்டால் ரேஸ் முடிந்தது. தூக்கிக்கொண்டு வர ஒரு பெரியவர் கூடவே வர வேண்டும், அவர் டைமிங் பார்க்கக் கூடாது.

சேறு, சுவர், கயிறு

ஓட்டம் போரடிக்கிறது என்கிற நண்பர் கூட்டத்துக்கு இருக்கவே இருக்கிறது தடை ஓட்டம். இந்தியாவில் 2012-ல் தொடங்கிய 'டெவில்ஸ் சர்க்யூட்' இதில் பிரபலம்: 5 கி.மீ., 15 தடைகள். சுவர் ஏறணும், வலையில் தொற்றணும், கம்பியில் குரங்கு மாதிரி தாவணும், முள்கம்பிக்கு அடியில் சேற்றில் தவழணும், ஐஸ் தண்ணியில முங்கணும். ஆபீஸ் டீம் மொத்தமாகப் போய், அடையாளம் தெரியாத மண் பொம்மைகளாகத் திரும்பி வருவதைச் சமூக வலைதளங்களில் பார்த்திருப்பீர்கள்.

இதன் வேர் ராணுவப் பயிற்சியில் இருக்கிறது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர், நூறாண்டுகளுக்கு முன்பே தடைப் பாதைகளை உடற்பயிற்சியாக வடிவமைத்தார். 1987-ல் இங்கிலாந்தில் ஒரு பண்ணையில் 'டஃப் கை' என்ற போட்டி தொடங்கியது. 2010-ல் அமெரிக்காவில் 'ஸ்பார்ட்டன் ரேஸ்', 'டஃப் மடர்' இரண்டும் வந்தபிறகு உலகம் முழுக்கப் பரவியது. இப்போது ஒலிம்பிக் வரை போய்விட்டது. 2028 லாஸ் ஏஞ்சலஸில் மாடர்ன் பென்டத்லானில் குதிரையேற்றத்துக்குப் பதிலாகத் தடை ஓட்டம்தான்.

இரண்டு பிராண்டுகளும் நேர் எதிர். ஸ்பார்ட்டனில் நேரம் முக்கியம். தடையைத் தாண்ட முடியாதவர்கள் தண்டனையாக 30 பர்பி போட வேண்டும் என்பதுதான் அதை அடையாளப்படுத்திய விதி. டஃப் மடரில் ஓட்டத்துக்கு முன் எல்லாரும் உறுதிமொழி எடுப்பார்கள், என் நேரத்தைவிடக் கூட வருகிறவர்தான் முக்கியம் என்கிற பொருளில். அதில் 'பிரமிட் ஸ்கீம்' என்றொரு தடை. வழுக்கும் சரிவில் ஒருவர் தோள் மேல் ஒருவர் நின்று ஏணி கட்டினால்தான் மேலே போக முடியும்.

கேட்ட மாதிரி இருக்கிறதா? நம்ம ஊர் வழுக்குமரமேதான். எண்ணெய் தடவிய மரம், சுற்றி நின்று தண்ணீர் அடிக்கும் கூட்டம், தோள் மேல் தோளாக ஏறும் பையன்கள், உச்சியில் பணமுடிப்பு. பொங்கலுக்கு நடக்கும் சாக்கு ஓட்டத்தையும் மூன்று கால் ஓட்டத்தையும் சேர்த்துக்கொண்டால், நுழைவுக் கட்டணம் இல்லாத தடை ஓட்டம் ஒன்று தெருவிலேயே இருந்திருக்கிறது. அத்தை, மாமா, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் போட்டியாளர்கள்.

விளையாட்டுதான், ஆனாலும் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டும். 'எனக்கு என்ன ஆனாலும் நானே பொறுப்பு' என்பதுதான் அந்த இரண்டு பக்கத்தின் சுருக்கம். 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடந்த ஒரு சேற்று ஓட்டத்தில், உயரமான மேடையிலிருந்து கலங்கல் தண்ணீரில் குதிக்கும் தடை இருந்தது. தன் குழுவோடு வந்த இளைஞர் ஒருவர் குதித்தார். மற்றவர்கள் கரையேறிய பிறகுதான் அவர் மேலே வரவில்லை என்று தெரிந்தது. மீட்டபோது தாமதமாகிவிட்டது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

நண்பர்களோடு போகிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு தண்ணீர்த் தடைக்குப் பிறகும் தலை எண்ண வேண்டும். ஆறு பேர் இறங்கினால் ஆறு பேர் ஏறியாச்சா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. நீச்சல் தெரியாதவர் தண்ணீர்த் தடையை விட்டுவிட்டு ஓரமாக நடக்கலாம். எல்லாத் தடைக்கும் பக்கவழி இருக்கும். "வா மச்சான், ஒண்ணும் ஆகாது" என்று கையைப் பிடித்து இழுப்பவர்தான் அந்தக் கூட்டத்தில் ஆபத்தான ஆள்.

சேற்றுக்கும் ஒரு வார்த்தை. 2012-ல் நெவாடாவில் மாட்டுப் பண்ணை ஒன்றில் நடந்த ஓட்டத்தில் சேற்றுத் தண்ணீரை விழுங்கிய 22 பேருக்குக் கடும் வயிற்றுப்போக்கு. மாட்டுச் சாணத்தில் இருக்கும் பாக்டீரியா காரணம். நம்ம ஊரில் மழைக்காலச் சேறு என்றால் எலிக்காய்ச்சலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆறாத காயம், கொப்புளம் இருந்தால் இறங்க வேண்டாம். வாயை மூடிக்கொண்டு தவழ வேண்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். அடுத்த இரண்டு, மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் "சேத்துல விளையாடினேன்" என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றவே தோன்றாது.

மோதிரம், வளையல், செயின் எல்லாம் வீட்டில் இருக்கட்டும். கம்பியில் தொங்கும்போது மோதிரம் மாட்டினால் விரலே போகும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் தொங்கும் தடைகளைத் தவிர்ப்பதுதான் ஒரே வழி. துப்பட்டா, கான்டாக்ட் லென்ஸ் இரண்டும் சேற்றுக்கு ஆகாது.

எங்கே தொடங்கலாம்?

சென்னையில் 2006-லிருந்து இயங்கும் 'சென்னை ரன்னர்ஸ்' ஏரியாவாரியாகப் பிரிந்து ஓடுகிறது. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தான் இவர்கள் நடத்துவதுதான். கோவை மாரத்தான் 2013-லிருந்து கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக நடக்கிறது. குடும்பமாகப் போவதற்கு வித்தியாசமான ஒன்று வேண்டும் என்றால் ஆரோவில் மாரத்தான். பெரும்பாலும் பிப்ரவரியில், செம்மண் காட்டுப் பாதையில். நேரம் கணக்கிட மாட்டார்கள், முதல் பரிசு கிடையாது. யார் ஜெயித்தது என்று கேட்டால் பதில் வராது. மகனை முந்தத் துடிக்கும் அப்பாக்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை.

லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் அக்கம்பக்கத்தில் 'பார்க்ரன்' நடக்கிறதா என்று பார்க்கலாம். 2004-ல் லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கியது. சனிக்கிழமை காலை, 5 கி.மீ., இலவசம்.

பயிற்சிக்கு 'கவுச் டு 5 கே' என்ற ஒன்பது வாரத் திட்டம் பலரும் சொல்வது. வாரம் மூன்று நாள். முதல் வாரம் ஐந்து நிமிட வேக நடை, பிறகு 60 நொடி ஓட்டம், 90 நொடி நடை என்று 20 நிமிடம். சிரிப்பு வரும் அளவுக்கு எளிது. ஐந்தாவது வாரத்தில் சிரிப்பு நின்றுவிடும். ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும் அதே மூன்று நாளில் ஓடிவிட்டு குரூப்பில் போட்டோ போடலாம். புது ஷூவை ரேஸ் அன்று முதல்முதலாகப் போட வேண்டாம். அந்த மாலை ஷூ கடைக்குப் போன அப்பா, இப்போதே அதைப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கட்டும்.

சந்திக்கும் இடத்தை முதல் நாளே முடிவு செய்யுங்கள். 'ஃபினிஷ் பக்கத்துல' என்பது விலாசம் ஆகாது, அங்கே பல ஆயிரம் பேர் நிற்பார்கள். ஒரு மரம், ஒரு கேட், ஒரு டீக்கடை. இத்தனை மணிக்குள் ஒருவர் வரவில்லை என்றால் நேராக மருத்துவக் கூடாரத்துக்குப் போவது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். மெதுவாக வருகிறவர் இடுப்புப் பையில் ஒரு போனை வைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம் அந்தக் கட்டம். ஓட வராதவர் ஒருவர் வீட்டுக்கு வீடு இருப்பார். "எனக்கு முட்டி வலி, நீங்க போயிட்டு வாங்க" என்று சொன்ன அத்தையின் நம்பரை ஐந்து பிப்பிலும் எழுதுங்கள். சனிக்கிழமை இரவே அவருக்கு போன் போட்டு, காலை நாலு மணியிலிருந்து தெரியாத நம்பர் வந்தாலும் எடுக்கச் சொல்லுங்கள்.